வாழைப்பூக் கறையும் நிலாவாரை இலையும்

வாழைப்பூ ஆய உட்காரும்போது எங்கள் ஆச்சி முதலில் உள்ளங்கையில் நாலு சொட்டு நல்லெண்ணெய் விட்டுத் தேய்த்துக்கொள்வாள். பக்கத்தில் ஒரு சட்டியில் மோர் கலந்த தண்ணீர் இருக்கும். மடலை உரித்து, ஒவ்வொரு பூவிலும் கள்ளனை உருவி எறிந்து, இரும்பு அரிவாள்மனையில் அரிந்து, அரிந்ததை உடனே அந்தத் தண்ணீரில் தள்ளுவாள். இவ்வளவு செய்தும் வேலை முடியும்போது அலகு கன்னங்கரேலென்று இருக்கும். விரல் நுனிக் கறை இரண்டு நாளைக்குப் போகாது.

அந்தக் கறைக்குக் காரணமான பொருள்களைத்தான் வேதியியலில் பீனால் சேர்மங்கள் என்கிறோம். மூலிகைப் பொடி டப்பாவில் ‘பாலிபீனால் நிறைந்தது’ என்று அச்சடித்திருப்பதும் இவற்றைத்தான். பாளையங்கோட்டை, திருநெல்வேலிக் கல்லூரிகளில் மூலிகை ஆராய்ச்சி செய்யும் மாணவர்கள் அளந்து எழுதுவதும் பெரும்பாலும் இவற்றையே. இவை என்ன, உடம்புக்குள் போய் என்ன செய்கின்றன, சோதனைக்குழாயில் கிடைக்கும் எண்ணை எவ்வளவு தூரம் நம்பலாம் என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்லப் பார்க்கிறேன். இந்தச் சீமையின் பெயரையே உலகம் முழுக்கக் கொண்டுபோன ஒரு செடி இருக்கிறது. எல்லாவற்றையும் விளக்க அது ஒன்றே போதும். அதுதான் நிலாவாரை. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

ஆறு கார்பன் அணுக்கள் கைகோத்து நிற்கும் ஒரு வளையம். அந்த வளையத்தின்மேல் ஆக்சிஜனும் ஹைட்ரஜனும் சேர்ந்த ஒரு கொக்கி நேரடியாகப் பொருத்தப்பட்டிருந்தால் அது பீனால். இப்படிப் பல வளையங்களும் பல கொக்கிகளும் இருந்தால் பாலிபீனால். செடிகளில் 8000-க்கு மேல் இனம் கண்டிருக்கிறார்கள். நெல்லிக்காயில் இருக்கும் கேலிக் அமிலம் சின்ன உறுப்பினர். கடுக்காயின் டானின்கள் பெரிய உருவங்கள். பூக்களுக்கும் இலைகளுக்கும் நிறம் தரும் ஃபிளேவனாய்டுகள் இடைப்பட்டவை. நமக்கு மருந்தாகட்டும் என்று எந்தச் செடியும் இவற்றைச் செய்வதில்லை. இடம்விட்டு நகர முடியாத உயிர் அது. வெயிலின் புற ஊதாக் கதிரைத் தாங்க, கடிக்க வரும் புழுவை விரட்ட, காயம்பட்ட இடத்தில் பூஞ்சை ஏறாமல் தடுக்க, தனக்காகச் செய்துகொள்கிறது. அதனால்தான் ஒரே செடியிலும் வெயில், வறட்சி, பூச்சித் தாக்குதல், இலையின் வயது இவற்றைப் பொறுத்து அளவு மாறிக்கொண்டே இருக்கும்.

வாழைப்பூவை அரியும்போது இரண்டு காரியங்கள் ஒன்றாக நடக்கின்றன. செல்கள் கிழிந்ததும், உள்ளே தனித்தனி அறைகளில் இருந்த பீனால்களும் ஒரு நொதியும் காற்றோடு சந்திக்கின்றன. ஆக்சிஜன் ஏறி, பழுப்பு நிறம் வருகிறது. மோரின் புளிப்பு அந்த நொதியை மந்தமாக்கிவிடும். எண்ணெய், சாறு தோலில் ஒட்டாமல் பார்த்துக்கொள்ளும். இரண்டாவது காரியம் இரும்போடு. பீனாலின் கொக்கிகள் இரும்பைப் பிடித்துக்கொண்டால் கருநீலம். கடுக்காயையும் அன்னபேதியையும் சேர்த்து மை காய்ச்சியதும் இதே வேதியியல்தான். அன்னபேதி என்பது இரும்பு உப்பு.

மூன்றாவது குணம் புரதத்தைப் பிடிப்பது. பச்சைக் கடுக்காயைக் கடித்தால் நாக்கு வறண்டு இழுத்துப் பிடித்த மாதிரி இருக்கிறதே, அந்தத் துவர்ப்பு அதுதான். எச்சிலில் வழுவழுப்புத் தரும் புரதங்களோடு டானின் பின்னிக்கொண்டு அவற்றைத் திரித்துவிடுகிறது. ஆவாரம்பட்டையைப் போட்டுத் தோல் பதனிட்டபோது ஆட்டுத்தோலின் புரதத்துக்கு நடந்ததும் இதுதான். ஆறு சுவைகளில் ஒன்றாகத் துவர்ப்பை வைத்து, அதற்கென்று குணங்களும் வகுத்த நம் வைத்தியர்கள், டானினை நாக்காலேயே அளந்து வைத்திருந்தார்கள் என்றுதான் சொல்ல வேண்டும்.

ஆக்சிஜன், இரும்பு, புரதம். பீனால் உடம்புக்குள் என்ன செய்யும் என்று யார் எதைச் சொன்னாலும் இந்த மூன்றில் எது என்று கேட்டுப் பார்க்கலாம்.

சரி, ஆய்வுக்கூடத்துக்கு வருவோம். நிழலில் காயவைத்த இலையை இடித்து, மெத்தனாலில் ஊறவைத்து, வடிகட்டி, மெத்தனாலை ஆவியாக்கினால் பிசின் மாதிரி ஒரு பச்சைக் கசடு கிடைக்கும். அதுதான் எக்ஸ்ட்ராக்ட். அதில் எவ்வளவு பீனால் என்று பார்க்க ஃபோலின்–சியோகால்டோ கரைசல் இருக்கிறது. 1927-இல் புரதத்தை அளக்க வந்த கரைசல் அது. 1965-இல் சிங்கிள்டனும் ரோசியும் ஒயினில் பீனாலை அளக்கத் திருத்தி அமைத்தார்கள். மஞ்சளாக இருக்கும் திரவம் பீனால் பட்டதும் நீலமாகும். நீலம் எவ்வளவு அடர்த்தி என்று கருவியில் பார்த்து, அதற்குச் சமமான கேலிக் அமிலம் இத்தனை மில்லிகிராம் என்று எழுதுவார்கள். ஆனால் இந்தக் கரைசல் பீனாலை மட்டும் பார்த்து நீலமாவதில்லை. வைட்டமின் சி, சில சர்க்கரைகள், சில புரதங்கள் பட்டாலும் ஆகும். நெல்லிக்காய் மாதிரி வைட்டமின் சி உள்ள காயில் வரும் எண்ணில் அதுவும் கலந்திருக்கிறது. மொத்த பீனால் என்று கட்டுரையில் எழுதுவது உண்மையில் மொத்த நீலம்.

அடுத்தது டிபிபிஎச் சோதனை. இது எனக்குப் பிடித்த சோதனை, பார்ப்பதற்கு அவ்வளவு அழகு. டிபிபிஎச் என்ற வேதிப்பொருளைக் கரைத்தால் கத்தரிப்பூ நிறத்தில் ஒரு கரைசல். அதில் உள்ள மூலக்கூறு ஒவ்வொன்றிலும் ஜோடியில்லாத ஒரு எலக்ட்ரான். எக்ஸ்ட்ராக்டைச் சொட்டுச் சொட்டாக விட்டால் ஊதா மெல்ல வெளிறி, மஞ்சளாகிவிடும். பீனால் தன் ஹைட்ரஜனைக் கொடுத்து அந்த எலக்ட்ரானைச் சமாதானம் செய்துவிட்டது என்று அர்த்தம். பாதி நிறம் போக எவ்வளவு எக்ஸ்ட்ராக்ட் வேண்டுமோ அதுதான் ஐசி50. எண் எவ்வளவுக்குச் சின்னதோ அவ்வளவுக்கு வலுவான ஆன்டி-ஆக்சிடென்ட், அதாவது ஆக்சிஜனேற்றத்தைத் தடுக்கும் பொருள்.

எம்.எஸ்சி. படிக்கும்போது நானும் ஒரு மூலிகை இலையை இப்படிச் சோதித்தேன். நல்ல எண் வந்தது. அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்து ஆச்சியிடம் சொன்னபோது அவள் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: “அதக் குடிச்சா என்ன நோவுக்குய்யா கேக்கும்?” என்னிடம் பதில் இல்லை. இத்தனை வருஷம் கழித்தும் ஒரு மூலிகைக் கட்டுரையை எடுத்தால் அந்தக் கேள்வியை வைத்துத்தான் படிக்கிறேன்.

கேள்வி கடினமானது. ஏனென்றால் குழாயிலிருந்து ரத்தத்துக்கு வழி நீளம். முதலில், வீட்டில் யாரும் மெத்தனாலில் கஷாயம் வைப்பதில்லை. தண்ணீரில் போட்டு எட்டொன்றாய்க் குறுக்குகிறோம். தண்ணீரில் இறங்கும் சரக்கு வேறு, மெத்தனாலில் இறங்குவது வேறு. அப்புறம், குடித்தது குடலைத் தாண்ட வேண்டும். பெரும்பாலான பாலிபீனால்கள் சிறிதளவே உள்ளே போகின்றன. போனதையும் குடல் சுவரும் கல்லீரலும் உடனே சல்பேட், குளுக்குரோனேட் மாதிரிச் சின்னத் துண்டுகளை ஒட்டி வெளியே அனுப்பும் வேலையில் இறங்கிவிடுகின்றன. ஆய்வுக்கூடத் தட்டில் செல்கள்மேல் ஊற்றிய அளவில் மிகச் சின்னப் பங்குதான் ரத்தத்தில் ஓடும், அதுவும் உருமாறி. மஞ்சளின் குர்குமினும் ஒரு பீனால்தான். 1998-இல் பெங்களூரில் மனிதர்களுக்கு 2 கிராம் குர்குமினைத் தனியாகக் கொடுத்துப் பார்த்தபோது ரத்தத்தில் கிட்டத்தட்ட ஒன்றுமே தென்படவில்லை. மிளகின் பைப்பரினை 20 மில்லிகிராம் சேர்த்தபோது உறிஞ்சல் 2000 சதவீதம் கூடியது. இந்த 2000 மட்டும் விளம்பரங்களில் பெரிதாக வரும். கிட்டத்தட்ட ஒன்றுமில்லாததை இருபது மடங்காக்கினாலும் கொஞ்சம்தான் என்பது வராது.

அமெரிக்க வேளாண்மைத் துறை உணவுகளின் ஆன்டி-ஆக்சிடென்ட் வலுவைப் பட்டியலிட்டு ஒரு தரவுத்தளம் வைத்திருந்தது. 2012-இல் அதையே எடுத்துவிட்டது. குழாயில் அளந்த எண்ணுக்கும் உடம்பில் நடப்பதற்கும் பொருத்தமில்லை, வியாபாரிகள் அதைத் தவறாகப் பயன்படுத்துகிறார்கள் என்பதுதான் சொன்ன காரணம். இங்கே நாம் இன்னும் அந்த எண்ணை டப்பாவில் அச்சடித்துக்கொண்டிருக்கிறோம்.

நொதிகளைத் தடுக்கிறது, பாக்டீரியாவைக் கொல்கிறது என்ற முடிவுகளிலும் நிதானம் வேண்டும். டானின் எந்தப் புரதத்தையும் பிடிக்கும் என்று பார்த்தோம். ஒரு நொதியோடு அதை ஊற்றினால் நொதி முடங்கத்தான் செய்யும். வேறு நொதியை வைத்தாலும் முடங்கும். பூட்டுக்கு ஏற்ற சாவி கிடைத்துவிட்டது என்று அதை எடுத்துக்கொள்ளக் கூடாது. பூட்டின்மேல் கோந்தைக் கொட்டியது போன்றதுதான் அது.

எலிச் சோதனைகளில் ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். ஆவாரம்பூச் சாறு கொடுத்து எலிகளில் சர்க்கரை குறைந்தது என்று நிறைய ஆய்வுகள் உண்டு. இவ்வகை ஆய்வுகளில் ஒரு கிலோ எடைக்கு 400 மில்லிகிராம் எக்ஸ்ட்ராக்ட் என்பது சாதாரணமாகப் பார்க்கும் அளவு. எலி அளவை மனித அளவாக்கச் சுமார் ஆறால் வகுப்பது வழக்கம். 60 கிலோ ஆளுக்கு ஏறக்குறைய 4 கிராம் எக்ஸ்ட்ராக்ட் வரும். காய்ந்த பூவில் பத்தில் ஒரு பங்கு எக்ஸ்ட்ராக்டாகக் கிடைக்கிறது என்று வைத்துக்கொண்டால், தினமும் 40 கிராம் காய்ந்த பூ. காலையில் ஒரு சிட்டிகை பொடியைச் சுடுதண்ணீரில் போட்டுக் குடிக்கிறவருக்கும் அந்த எலிக்கும் எவ்வளவு தூரம்! ‘ஆவாரை பூத்திருக்கச் சாவாரைக் கண்டதுண்டோ’ என்ற பழமொழி எனக்கும் பிடிக்கும். ஆனால் அதை நம்பிச் சர்க்கரை மாத்திரையை நிறுத்தியவர்களை நினைத்தால் மனசு பதறுகிறது.

ஒரு திருத்தமும் சொல்லிவிடுகிறேன். எல்லா மூலிகையின் வேலையையும் பீனால் கணக்கில் எழுதிவிடக் கூடாது. நிலவேம்பின் அந்தக் கடுங்கசப்பு ஆண்ட்ரோகிராஃபோலைடு. அது டெர்பீன் குடும்பம், பீனாலே இல்லை. நிலவேம்பில் மொத்த பீனாலை மட்டும் அளந்துவிட்டு அதன் மருத்துவ குணத்தை விளக்கியதாக எழுதினால், முக்கியமான ஆளை விட்டுவிட்டு ஊர்வலம் போன கதைதான்.

அப்படியென்றால் பீனால் எங்கேதான் உறுதியாக வேலை செய்கிறது? ரத்தத்துக்குள் நுழையாமலே, தொடுகிற இடத்தில். வாய், வயிறு, குடல். சாப்பிட்ட கையோடு ஒரு டீ குடிக்கும் பழக்கம் நம்மிடம் உண்டு. டீயின் பீனால்கள் குடலிலேயே சாப்பாட்டின் இரும்பைப் பிடித்துக்கொள்ளும். அது உடம்பில் சேராது. அரிவாள்மனையில் பார்த்த அதே பிடி. கீரையும் பயறும் சாப்பிடுகிற, ரத்தசோகைக்கு மாத்திரை எடுக்கிற பெண்களுக்கு இது சின்ன விஷயமில்லை. டீயை ஒரு மணி நேரம் தள்ளி வைத்தாலே வித்தியாசம் தெரியும்.

இப்போது அந்தச் செடி. நிலாவாரை, நிலவாகை என்று நாட்டு மருந்துக் கடையில் சொல்வார்கள். சில ஊர்களில் அவுரி என்றும் சொல்கிறார்கள். நீலச் சாயம் தரும் அவுரி வேறு, குழப்பிக்கொள்ளக் கூடாது. உலகச் சந்தையில் அதன் பெயர் டின்னவெல்லி சென்னா. திருநெல்வேலி என்ற ஊர் எங்கே இருக்கிறது என்று தெரியாத லண்டன் மருந்துக் கடைக்காரருக்கும் அந்தப் பெயர் தெரியும். செடியின் பூர்வீகம் அரேபியாவும் அதை ஒட்டிய ஆப்பிரிக்கக் கரையும். இங்கே வந்து கரிசலில் வேரூன்றியது. 1986-இல் தூத்துக்குடி மாவட்டம் பிரிவதற்கு முன்னால் விளாத்திகுளம், கோவில்பட்டிப் பக்கமெல்லாம் திருநெல்வேலிதானே. மானாவாரி நிலத்தில் மழையை நம்பி விதைத்து, இலையை உருவி, காயவைத்து, அழுத்திக் கட்டி, தூத்துக்குடித் துறைமுகம் வழியாக அனுப்பினார்கள், இன்றும் அனுப்புகிறார்கள். அப்படி அழுத்திக் கட்டியதால் இலையின்மேல் விழும் மெல்லிய குறுக்குக் கோடுகளை, இது திருநெல்வேலிச் சரக்கு என்று கண்டுபிடிக்கும் அடையாளமாக மருந்தியல் பாடநூல்கள் சொல்கின்றன. காயில் மருந்துச் சத்து எகிப்து வழி வரும் அலெக்சாண்டிரிய வகைக்குக் குறைந்தது 3.4 சதவீதம், திருநெல்வேலி வகைக்கு 2.2 சதவீதம், இலைக்கு 2.5 சதவீதம் என்று ஐரோப்பிய மருந்துத் தர நூல் வரம்பு வைத்தது.

அந்தச் சத்துதான் சென்னோசைடு. ஆந்த்ரோன் என்ற பீனால் வகை வளையக் கூட்டம் இரண்டு ஒட்டிக்கொண்டு, ஒவ்வொன்றின் முதுகிலும் ஒரு குளுக்கோஸ். சுவிட்சர்லாந்தில் ஆர்தர் ஸ்டோலின் குழு 1940-களில் அதைத் தனியாகப் பிரித்தெடுத்தது. அதன்பிறகு கண்டுபிடித்தவைதான் எனக்குப் பெரிய ஆச்சரியம். பச்சை இலையில் சென்னோசைடு இந்த வடிவத்தில் கிட்டத்தட்ட இல்லை. ஒற்றை ஆந்த்ரோன்களாகத்தான் இருக்கிறது. இலை மெதுவாக, மிதமான சூட்டில் காயும்போது இலையின் சொந்த நொதிகளே இரண்டிரண்டாக அவற்றை ஒட்டவைக்கின்றன. ஏழெட்டு நாள் நிழலில் மெல்லிசாகப் பரப்பி, புரட்டிவிட்டு, மஞ்சள் கலந்த பச்சை நிறம் வரும்வரை காயவைக்கிறார்களே, மருந்து உண்டாவதே அப்போதுதான். ‘நிழலில் உலர்த்தி’ என்று வைத்தியர்கள் சொல்லி வந்ததற்கு, இந்த ஒரு இலையிலாவது, மூலக்கூறு அளவில் காரணம் கிடைத்துவிட்டது.

ஆச்சி வீட்டில் நிலாவாரைச் சூரணம் இருக்கும். நிலாவாரை, சுக்கு, மிளகு, ஓமம், வாய்விடங்கம், சர்க்கரை. ராத்திரி படுக்கப் போகும்போதுதான் கொடுப்பாள். “இப்பப் போட்டாத்தான் விடியக் கேக்கும்” என்பாள். பகலில் கேட்டால் தரமாட்டாள். சென்னோசைடு வேலை செய்ய 6 முதல் 12 மணி நேரம் ஆகிறது என்று மருந்தியல் நூலும் சொல்கிறது. ஏன் இவ்வளவு நேரம்? முதுகில் இருக்கும் அந்தக் குளுக்கோஸை அவிழ்க்க நம் வயிற்றிலோ சிறுகுடலிலோ நொதி இல்லை. அதனால் உறிஞ்சப்படாமல், கெடாமல், கட்டுச்சோறு மாதிரி முழுசாகப் பெருங்குடல்வரை போகிறது. அங்கே குடியிருக்கும் பாக்டீரியாக்கள் சர்க்கரையைக் கழற்றி, ஒட்டை உடைத்து, ரெயின் ஆந்த்ரோனாக மாற்றுகின்றன. வேலை செய்கிற ஆள் அதுதான். பெருங்குடலை அசைத்துவிட்டு, தண்ணீர் உறிஞ்சப்படுவதையும் குறைத்து, இறுகியதை இளக்குகிறது. குடலில் பாக்டீரியாவே இல்லாமல் வளர்த்த எலிகளுக்குச் சென்னோசைடு கொடுத்தால் பேதியாவதில்லை. டிபிபிஎச் குழாயில் இந்த இலையை ஆயிரம் தடவை ஊற்றினாலும் இந்தக் கதை தெரிய வந்திருக்காது. குழாயில் அந்தப் பாக்டீரியா இல்லையே.

என் கட்சி இதுதான். மூலிகை ஆராய்ச்சி என்றால் நிலாவாரைக்கு நடந்த மாதிரி நடக்க வேண்டும். எந்தச் சேர்மம், எந்த நிலையில் உண்டாகிறது, உடம்பில் எங்கே போகிறது, யார் அதை மாற்றுகிறார்கள், எத்தனை மில்லிகிராமில் வேலை நடக்கிறது. உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் இன்று சென்னா இருக்கிறதென்றால் இந்தக் கேள்விகள் எல்லாவற்றுக்கும் பதில் சொல்லிவிட்டு அங்கே போய் உட்கார்ந்திருக்கிறது. 1964-இலிருந்து அரசு சித்த மருத்துவக் கல்லூரி இருக்கும் பாளையங்கோட்டையில், பொதிகை மலைக்குக் கீழே, இதைச் செய்ய ஆளும் உண்டு, இலையும் உண்டு. ஐசி50 எண்ணோடு ப்ராஜெக்டை முடித்துக்கொள்ளும் பிள்ளைகளைக் குறை சொல்லவில்லை, அவர்களுக்குக் கிடைக்கும் ஆறு மாதத்தில் அவ்வளவுதான் முடியும். அந்த எண்ணுக்கு அடுத்த படியை எடுக்க யாராவது இடமும் பணமும் கொடுக்க வேண்டும்.

வேலை செய்கிற மருந்து என்பதாலேயே இதில் கவனமும் வேண்டும். பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 15 முதல் 30 மில்லிகிராம் சென்னோசைடு போதும். 2.5 சதவீதக் கணக்கில் ஒரு கிராம் காய்ந்த இலையிலேயே 25 மில்லிகிராம் வந்துவிடுகிறது. கூடினால் வயிற்றைப் பிசையும். சூரணத்தில் சுக்கும் ஓமமும் சேர்ப்பது அந்தப் பிசைவை அடக்கத்தான். மருத்துவரைக் கேட்காமல் ஒரு வாரத்துக்கு மேல் தொடரக் கூடாது. மாதக்கணக்கில் எடுத்தால் உடம்பில் பொட்டாசியம் குறையும், பெருங்குடலின் உட்சுவர் கருத்துப்போகும். குடல் அடைப்பு இருப்பவர்களும், காரணம் தெரியாத வயிற்றுவலி உள்ளவர்களும் தொடவே கூடாது.

இதைச் சொல்லக் காரணம் இருக்கிறது. உடல் இளைக்க என்று விற்கிற மூலிகை டீ சிலவற்றில் சென்னா இலை இருக்கிறது. குடித்தால் மறுநாள் எடை குறைந்த மாதிரி தெரியும். போனது தண்ணீர், கொழுப்பு இல்லை. கல்யாணத்துக்கு இளைக்க வேண்டும் என்று தினமும் இதைக் குடிக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். பாக்கெட்டைத் திருப்பி, சேர்மானத்தில் சென்னா, நிலாவாரை, நிலவாகை, சென்னா மக்கி, இதில் எந்தப் பெயர் இருக்கிறதென்று பாருங்கள். ஆச்சி மூன்று நாளைக்கு மேல் அந்தச் சூரணத்தை யாருக்கும் கொடுத்ததில்லை. நாலாம் நாளும் கேட்டால் டப்பாவை உயரப் பரணில் வைத்துவிட்டு, குழம்புக்குக் கீரையும் வாழைத்தண்டும் வாங்கி வரச் சொல்லுவாள்.